பதிவேட்டில் யார் கையெழுத்து? அமெரிக்கச் சிறு விமான உரிமையாளரின் நூறாண்டு

1923 மே மாதம். ஜார்ஜியா மாநிலத்தின் அமெரிகஸ் ஊருக்கு அருகில் சௌதர் ஃபீல்ட் என்ற பழைய படைத் திடலில், முதல் உலகப் போரில் மிஞ்சிய விமானங்கள் விற்பனைக்கு நின்றன. 21 வயது சார்லஸ் லிண்ட்பெர்க் 500 டாலர் கொடுத்து ஒரு கர்ட்டிஸ் ‘ஜென்னி’யை வாங்கினார். அதற்கு முன் ஒருமுறைகூட அவர் தனியாக விமானம் ஓட்டியதில்லை. கையில் உரிமம் இல்லை. அதைக் கேட்பாரும் இல்லை. ஓட்டுபவருக்கோ விமானத்துக்கோ சான்று வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் எதுவும் அப்போது அமெரிக்காவில் இருக்கவில்லை.

சிறு விமானங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வடிவமைப்பையும் வேகத்தையும் சாதனைப் பறப்புகளையும் பின்தொடர்கிறார்கள். அந்த வரலாற்றின் முதுகெலும்பாக எனக்குப் படுவது வேறொரு கேள்வி. தன் சொந்த விமானத்தின் இன்ஜின் மூடியைத் திறந்து ஸ்பானர் பிடிக்க யாருக்கு உரிமை? அந்த வேலை சரியாக முடிந்தது என்று பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது யார்? சிறு விமானம் சாமானியர் கைக்கு எட்டியதும், எட்டாமல் நழுவியதும், மீண்டும் நெருங்கி வந்ததும் இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகளைப் பொறுத்தே நடந்தன.

ஜென்னியில் இருந்த ஓஎக்ஸ்-5 இன்ஜின் எட்டு சிலிண்டர்களும் 90 குதிரைத்திறனும் கொண்டது, தண்ணீரால் குளிர்விக்கப்படுவது. அதன் வால்வுகளை இயக்கும் பகுதிகள் வெளியே திறந்து கிடக்கும். அடிக்கடி கையாலேயே கிரீஸ் வைக்க வேண்டும். தீப்பொறி தருவதற்கு இருந்தது ஒரே ஒரு மேக்னட்டோ. அது நின்றால் இன்ஜினும் நிற்கும். விமானி வயல்வெளியைத் தேடி இறங்க வேண்டியதுதான். ஓட்டுபவரே மெக்கானிக்காகவும் இருந்தது சலுகையால் வந்ததன்று, உயிர் பிழைக்க வேறு வழி இல்லாததால் வந்தது.

1926 மே 20 அன்று ஜனாதிபதி கூலிட்ஜ் கையெழுத்திட்ட வான் வணிகச் சட்டம் இந்த நிலையை மாற்றியது. விமானிக்கு உரிமம், மெக்கானிக்குத் தனி உரிமம், விமானத்துக்குப் பறக்கும் தகுதிச் சான்று என்று மூன்றும் வந்தன. உயிர்ச்சேதத்தைக் குறைக்க இது அவசியமாக இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஓட்டும் கையும் பழுது பார்க்கும் கையும் சட்டத்தின் பார்வையில் இரண்டாகப் பிரிந்தது அன்றைக்குத்தான்.

இந்தப் புதிய ஒழுங்குக்குள் பிறந்து, அதை எளியவர் தாங்கும்படி ஆக்கிய விமானம் பைப்பர் கப். பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் எண்ணெய்க் கிணறுகள் வைத்திருந்த வில்லியம் பைப்பர், திவாலான டெய்லர் என்ற விமான நிறுவனத்தின் சொத்துகளை 761 டாலருக்கு எடுத்தார். 1937இல் தொழிற்சாலை தீயில் எரிந்தபின், லாக் ஹேவனில் மூடிக்கிடந்த ஒரு பட்டு ஆலைக்கு இடம் மாறினார். அங்கிருந்து வந்த மஞ்சள் நிற ஜே-3 கப், எஃகுக் குழாய்ச் சட்டத்தின்மேல் துணி போர்த்திய விமானம். அதன் பெட்ரோல் அளவுகாட்டியைப் பார்த்தால் மொத்தக் கருத்தும் விளங்கிவிடும். முன்கண்ணாடிக்கு முன்னால் தொட்டியின் மூடி. மூடியைத் துளைத்து நிற்கும் ஒரு கம்பி. கம்பியின் அடியில் மிதக்கும் தக்கை. பெட்ரோல் குறையக் குறையக் கம்பி உள்ளே இறங்கும். மின்சாரமும் இல்லை, கடிகார முள்ளும் இல்லை. ஸ்டார்ட்டரும் கிடையாது, புரொப்பல்லரைக் கையால் சுழற்றியே இன்ஜினைக் கிளப்பினார்கள். 65 குதிரைத்திறன் கான்டினென்டல் இன்ஜினில் மேக்னட்டோ இரண்டு. ஒன்று போனாலும் மற்றொன்று வீடு கொண்டு சேர்க்கும். பழுதாவதற்குப் பொருளே குறைவாக வைத்ததுதான் பைப்பரின் பராமரிப்புத் தத்துவம் என்பேன். 1930களின் இறுதியில் அரசு தொடங்கிய சிவில் விமானிப் பயிற்சித் திட்டம் லட்சக்கணக்கானோரைப் பறக்க வைத்தது. அவர்களில் பெரும்பாலோர் முதலில் தொட்டது இந்தக் கப்பைத்தான்.

சட்டத்தின் மறுபக்கம் கசப்பானது. தானே விமானம் கட்டிப் பறக்க விரும்பியவருக்கு அதில் இடமில்லை. தனக்கென்று மாநில விதிகளை வைத்திருந்த ஓரிகன் மட்டும் சில காலம் விதிவிலக்காக நின்றது. லெஸ் லாங் போன்றவர்கள் அங்கே கொட்டகையில் விமானம் கட்டிப் பறந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த மரபை ஜார்ஜ் போகார்டஸ் கையிலெடுத்தார். 1947இல், ‘லிட்டில் ஜீ பீ’ என்ற கையால் கட்டிய ஒற்றை இருக்கை விமானத்தில் ஓரிகனிலிருந்து வாஷிங்டன் தலைநகர்வரை பறந்துபோய், கண்டத்தின் குறுக்கே வந்து நிற்கும் இந்த விமானத்தைவிட வேறென்ன சான்று வேண்டும் என்ற வாதத்தை அதிகாரிகளின் கண்முன் நிறுத்தினார். 1950களின் தொடக்கத்தில், பொழுதுபோக்காளர் கட்டும் விமானங்களுக்கென ஒரு பரிசோதனைப் பிரிவு விதிகளில் இடம்பெற்றது. 1953 ஜனவரியில் பால் போபரெஸ்னி மில்வாக்கியில் பரிசோதனை விமானச் சங்கத்தைத் தொடங்கினார். போகார்டஸ் பறந்துவந்த அந்தச் சிறு விமானம் இன்று ஸ்மித்சோனியன் காட்சியகத்தில் இருக்கிறது. போர் விமானங்களைவிட அதன்முன் நின்று பார்க்கவே நான் விரும்புவேன்.

தொழிற்சாலை விமானங்களின் கதை வேறு பாதையில் போனது. 1946இல் அமெரிக்கா 33,000க்கும் மேற்பட்ட சிறு விமானங்களைச் செய்து குவித்தது. படைவீரர்கள் எல்லோரும் விமானம் வாங்குவார்கள் என்ற கணிப்பு அடுத்த ஆண்டே பொய்த்தது. 1956இல் வந்த செஸ்னா 172 நிதானமாக வளர்ந்து, இதுவரை 44,000க்கு மேல் கட்டப்பட்டிருக்கிறது. இதன் உரிமையாளருக்குச் சட்டம் விட்டுவைத்த வேலைகள் சில உண்டு. விமானி உரிமம் இருந்தால் டயர் மாற்றலாம், ஆயில் மாற்றலாம், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம். பின் பதிவேட்டில் தேதியும் வேலை விவரமும் உரிம எண்ணும் எழுதித் தானே கையெழுத்திடலாம். அதற்கு மேலுள்ளதற்கு உரிமம் பெற்ற மெக்கானிக் வேண்டும். ஆண்டுச் சோதனைக்கு, மெக்கானிக்குகளிலும் தனி அதிகாரம் பெற்றவர் வேண்டும்.

அந்த ஆண்டுச் சோதனையில் உரிமையாளர் உதவிக்கு நிற்கலாம். பலர் அப்படித்தான் கற்கிறார்கள். ஒரு சிலிண்டரின் பிளக் துளை வழியே 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றைச் செலுத்துவார்கள். இரண்டாவது அளவுமானி எவ்வளவு காற்று தங்குகிறது என்று காட்டும். எங்கே கசிகிறது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். புகைக்குழாயில் சீறல் கேட்டால் வெளியேற்று வால்வு; ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் வளையம். பிறகு ஆயில் ஃபில்டரை வட்டமாக அறுத்து, உள்ளே மடிந்திருக்கும் காகிதத்தை விரித்து வெயிலில் பிடிப்பார்கள். மினுக்கும் உலோகத் துகள் இருந்தால் இன்ஜின் தன்னைத்தானே தின்கிறது என்று பொருள்.

1978இல் அமெரிக்க நிறுவனங்கள் 17,811 சிறு விமானங்களை அனுப்பின. 1994இல் 928. பெட்ரோல் விலையும் வட்டி விகிதமும் இதில் பங்கு வகித்தன. ஆனால் நிறுவனங்கள் முன்வைத்த காரணம் இழப்பீட்டு வழக்கு. 30 ஆண்டுகளுக்கு முன் விற்ற விமானத்தை யார் யாரோ பிரித்துப் பூட்டியிருப்பார்கள். விபத்து நேர்ந்தால் வழக்கு தொழிற்சாலையைத் தேடி வரும். 1986இல் செஸ்னா பிஸ்டன் இன்ஜின் விமானங்களின் உற்பத்தியை நிறுத்தியது. 1991இல் பைப்பர் திவால் மனு கொடுத்தது. 1994 ஆகஸ்டில் கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டம், விமானம் விற்று 18 ஆண்டுகள் கடந்தால் சில விலக்குகள் தவிர உற்பத்தியாளர்மேல் வழக்கில்லை என்றது. செஸ்னா மீண்டும் கட்டத் தொடங்கியது; ஆனால் 1978இன் எண்ணிக்கை திரும்பவே இல்லை. என் பார்வையில் அந்தச் சட்டத்தின் ஆழமான விளைவு இது: 18 ஆண்டுக்குப் பின் தொழிற்சாலையின் கையெழுத்து ஏறக்குறையக் காலாவதியாகிறது, பதிவேட்டில் மிஞ்சுவது மெக்கானிக்கின் பெயரும் உரிமையாளரின் பெயரும் மட்டும்.

தொழிற்சாலைகள் ஓய்ந்த அதே காலத்தில் வீட்டுக் கொட்டகைகள் நிறைந்தன. மறுபடியும் ஓரிகனிலிருந்தே ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வென் விமானப் பாகங்களைத் தொகுப்பாக விற்றார். அவரது ஆர்வி வரிசையில் 11,000க்கும் மேற்பட்டவை கட்டி முடிக்கப்பட்டுப் பறந்திருக்கின்றன. வேலையின் பெரும்பகுதியைப் பொழுதுபோக்காளரே செய்திருக்க வேண்டும் என்பது விதி. அப்படிக் கட்டியவர் அந்த ஒரு விமானத்துக்கு மட்டும் ஆண்டுச் சோதனைச் சான்றில் கையெழுத்திடும் தகுதியைப் பெறலாம். விமானத்தை விற்றால் அந்தத் தகுதி வாங்கியவருக்குப் போகாது. விதிப் புத்தகத்தில் இதைவிட நியாயமான வரி எனக்குத் தென்படவில்லை. ஒவ்வொரு ரிவெட்டையும் அடித்தவருக்குத் தெரிவது, காசோலை கொடுத்தவருக்குத் தெரிய வழியில்லை. 2004இல் வந்த இலகு விளையாட்டு விமான விதிகள் இதைச் சற்றுத் தளர்த்தின: அந்த வகையின் பரிசோதனைப் பிரிவு விமானம் வைத்திருப்பவர் 16 மணி நேரப் பயிற்சி முடித்தால், தான் கட்டாத தன் விமானத்தையும் தானே சோதித்துச் சான்றளிக்கலாம்.

எல்லைக்கு வடக்கே கனடா இன்னும் தொலைவு போனது. தொழிற்சாலை செய்த பழைய சிறு விமானத்தையே உரிமையாளர்-பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றிக்கொண்டு, விமானி உரிமம் உள்ள உரிமையாளர் தானே பழுது பார்க்கலாம், தானே கையெழுத்திடலாம். அப்படி மாற்றிய விமானத்தை அமெரிக்க வானில் அனுமதிப்பதில்லை. மாற்றும் நாளில் உரிமையாளர் விமானத்தின் அடையாளத் தகட்டில் வரிசை எண்ணுக்குப் பின்னால் ‘எக்ஸ்’ என்ற எழுத்தை அழியாதபடி பொறிக்க வேண்டும். இன்ஜினிலும் புரொப்பல்லரிலும் அதே எழுத்து விழும். அவற்றைப் பிறகு யார் வாங்கினாலும், பூட்டியது யார் கை என்பதை அந்த எழுத்து சொல்லிக்கொண்டிருக்கும்.