பேரிகையிலிருந்து ஒரு சிவப்பு ரோஜா

பிப்ரவரி 14 அன்று சிங்கப்பூரில் யாரோ ஒருவர் கையில் இருக்கப்போகும் ரோஜாவுக்கு, டிசம்பர் முதல் வாரத்தில் மொட்டுகூடக் கிடையாது. பேரிகைப் பக்கத்துப் பாலிஹவுஸ் ஒன்றில், மேட்டுப்பாத்தியில் நிற்கும் முள் தண்டுதான் அன்றைக்கு அது. அந்தத் தண்டில் கவாத்துக் கத்தரி விழும் நாளிலிருந்துதான் அந்தப் பூவின் கதை தொடங்குகிறது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கிறது பேரிகை. வடக்கே போனால் மாலூர், மேற்கே போனால் பாகலூர், அதைத் தாண்டி ஓசூர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடையில் கேட்கும் வட்டாரம் இது. ஓசூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குச் சிப்காட்டும் மோட்டார் தொழிற்சாலைகளும் நினைவுக்கு வரும். அந்தத் தொழிற்சாலைகளைத் தாண்டி பாகலூர், பேரிகை, தளி பக்கம் போனால் வயல்களுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகப் பாலிஹவுஸ் கூரைகள் தெரியும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், நன்றாக வடியும் செம்மண், குளிர்ந்த இரவுகள், பக்கத்திலேயே பெங்களூரு விமான நிலையம். கொய்மலர் ரோஜாவுக்கு வேண்டியது எல்லாம் ஒரே இடத்தில் அமைந்துவிட்டது. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகம் தனியாரோடு கூட்டுச் சேர்ந்து டான்ஃப்ளோரா மலர்ப் பூங்காவை ஓசூர் அருகே அமுதகொண்டபள்ளியில் அமைத்ததும் இதனால்தான். பெரிய பண்ணைகளைப் பார்த்துச் சிறு விவசாயிகளும் இதில் இறங்கினார்கள். பாலிஹவுஸ் போட அரசு மானியம் பாதிச் செலவைத் தாங்கியது, மீதிக்கு வங்கிக் கடன்.

ஒரு ஏக்கர் பாலிஹவுஸில் ஏறத்தாழ 30,000 செடிகள் நிற்கும். சொட்டுநீர்க் குழாயில் தண்ணீரோடு உரமும் கரைந்து வரும். ரோஜா ஆண்டு முழுவதும் பூக்கும் செடி. அதை ஒரே வாரத்தில் பூக்க வைப்பதில்தான் விவசாயியின் கைத்திறன் இருக்கிறது. வெட்டிய கிளையிலிருந்து புதுத் தளிர் கிளம்பி, நீண்டு, மொட்டு கட்டி, அறுவடைக்கு வர 45 முதல் 60 நாட்கள் ஆகும். ஏற்றுமதிப் பூ ஜனவரிக் கடைசியிலிருந்து பிப்ரவரி 10-க்குள் விமானம் ஏறியாக வேண்டும். இந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்தால் கவாத்து நாள் தெரிந்துவிடும். அது டிசம்பரின் முதல் பாதியில் விழுகிறது. ஒரு வாரம் முந்தினால் பூ முன்கூட்டியே மலர்ந்து உள்ளூர்ச் சந்தைக்குப் போகும். ஒரு வாரம் பிந்தினால் பூ வரும், வாங்க ஆள் வராது.

இந்த எண்ணிக்கையைக் குலைக்கக் காத்திருப்பது மார்கழிப் பனி. குளிர் ரோஜாவுக்கு நண்பன்தான். குளிரில் மொட்டு மெதுவாக வளர்வதால் பெரிதாகத் திரள்கிறது, தண்டு நீள்கிறது, நிறம் ஆழமாகிறது. குளிர்காலத்து ரோஜாவின் மிடுக்கு வெயில் காலத்தில் வராது. அதே குளிர் அளவு மீறினால் வளர்ச்சி நின்றுபோகும், சிவப்பு இதழின் ஓரம் கறுத்துவிடும். மூடுபனி நாலு நாள் தொடர்ந்து இலையில் ஈரம் காயாமல் இருந்தால் டவுனி வந்துவிடும். அடிச்சாம்பல் நோய்க்கு இங்கே அதுதான் பெயர். நேற்றுப் பச்சையாக இருந்த செடி இன்று இலையுதிர்த்து நிற்கும். அதனால் பக்கவாட்டுத் திரைகளை மாலையில் இறக்குவதும் வெயில் ஏறியதும் ஏற்றுவதும் அந்த இரண்டு மாதங்கள் நாள் தவறாத வேலை. பொங்கலுக்கும் அதற்கு விடுப்பு கிடையாது.

மொட்டு பட்டாணியை விடச் சற்றுப் பெரிதானதும் அதற்கு ஒரு வலைத்தொப்பி மாட்டுகிறார்கள். விரல் நுனியில் மாட்டும் உறைபோல மெல்லிய வலை அது. இழுத்தால் விரிந்து மொட்டைக் கவ்விக்கொள்ளும். மொட்டு வளர வளர வலையும் கூடவே விரியும். இதழ்கள் அவசரப்பட்டு அவிழாமல் அடக்கிப் பிடித்து, நீண்ட கூம்பாக வளர விடுவது அதன் வேலை. ஒரு மொட்டுக்கு ஒரு தொப்பி, ஒவ்வொன்றையும் கையால்தான் மாட்ட வேண்டும். முள்ளுக்குள் விரலை நுழைத்து, இதழில் நகம் படாமல் மாட்டும் இந்த வேலையைச் செய்பவர்களில் உள்ளூர்ப் பெண்களும் உண்டு, வடமாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களும் உண்டு. பூங்கொத்து விலையைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் அந்த விரல்களை ஒருமுறை பார்க்க வேண்டும்.

அறுவடை விடியற்காலையில். புற இதழ் ஒன்றிரண்டு மட்டும் லேசாக நெகிழ்ந்திருக்கும் தருணம் பார்த்து வெட்ட வேண்டும். அதற்கு முன் வெட்டினால் பூ மலராமலே தலை கவிழும், பின் வெட்டினால் வழியிலேயே விரிந்துவிடும். வெட்டிய மறுகணம் தண்டு வாளியிலிருக்கும் தண்ணீருக்குள் போகிறது. தாமதித்தால் தண்டின் நீர்க்குழாயில் காற்றுக் குமிழி அடைத்துக்கொள்ளும், பிறகு எவ்வளவு தண்ணீர் வைத்தாலும் அதனால் உறிஞ்ச முடியாது. அங்கிருந்து 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிர் அறைக்கு. வெப்பத்தை இழந்த பூ அரைத்தூக்கத்தில் ஆழ்கிறது.

பிறகு தரம் பிரிப்பு. 40, 50, 60, 70 சென்டிமீட்டர் என்று நீளவாரியாகத் தண்டுகள் பிரிகின்றன. விலையைத் தீர்மானிப்பது இந்த நீளமும் மொட்டின் பருமனும். 20 தண்டுகள் ஒரு கட்டு. கட்டுக்கு நெளி அட்டை சுற்றி, பெட்டியில் தலைமாற்றி அடுக்குகிறார்கள். தாஜ்மஹால் என்ற சிவப்பு ரகத்துக்குத்தான் காதலர் தினத்தில் கிராக்கி. அதே கூரையின் கீழ் மஞ்சள் கோல்டு ஸ்ட்ரைக்கும் வெள்ளை அவலாஞ்சியும் இளஞ்சிவப்பு நோப்ளெஸும் அதே அக்கறையோடுதான் வளர்கின்றன.

குளிர்வண்டி மாலூர், ஹொஸ்கோட்டை வழியாகத் தேவனஹள்ளி விமான நிலையத்துக்குப் போகிறது. ஏற்றுமதிக்குப் போகாத பூவில் ஒரு பங்கு பெங்களூரு ஹெப்பாளிலுள்ள மலர் ஏல மையத்துக்கும், இன்னொரு பங்கு சென்னை, ஹைதராபாத், மும்பைக்கும் கிளம்புகிறது. விமானம் ஏறும் பெட்டியில் பூச்சியோ நோயோ இல்லை என்று தாவரத் தனிமைக்காப்புச் சான்று வேண்டும். ஆஸ்திரேலியாவுக்குப் போகும் ரோஜாவுக்கு இன்னொரு நிபந்தனை. தண்டை மண்ணில் நட்டால் துளிர்க்கக் கூடாது என்பதற்காக அதைக் களைக்கொல்லிக் கரைசலில் முக்கி அனுப்ப வேண்டும். பூவை ஏற்கும் நாடு செடியை ஏற்பதில்லை.

சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா, ஐரோப்பா என்று எங்கே இறங்கினாலும் அங்கே கென்யா, எத்தியோப்பியா, கொலம்பியா, ஈக்வடார் ரோஜாக்கள் போட்டிக்கு நிற்கும். இந்தப் பயணத்தில் எந்தக் கண்ணி அறுந்தாலும் அடி விழுவது பாத்தியில்தான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது விமானமும் கல்யாணமும் கோயில் விழாவும் அடுத்தடுத்து நின்றன. பூப்பதை நிறுத்தச் செடிக்குத் தெரியாது. செடியைக் காப்பாற்றுவதற்காக விவசாயிகள் பூவை வெட்டி வெட்டிக் குப்பையில் கொட்டினார்கள். இப்போது பிளாஸ்டிக் பூ மண்டபங்களை நிறைக்கிறது. அதைத் தடை செய்யுங்கள் என்று மலர் விவசாயிகள் கேட்பது நியாயமான கோரிக்கை என்றே நான் நம்புகிறேன்.

குளிர்காலத்தில் யாருக்காவது பூ அனுப்ப நினைக்கிறவர்களிடம் மூன்று சொல்ல ஆசைப்படுகிறேன். முதலாவது, பிப்ரவரி 14 வரை காத்திருக்காதீர்கள். டிசம்பரிலும் ஜனவரியிலும் கிடைக்கும் ரோஜா அதே குளிரில் திரண்ட ரோஜாதான், விலை மட்டும் குறைவு. ஒரே வாரத்தை நம்பிக் கடன் வாங்கும் விவசாயிக்கு மற்ற வாரங்களில் நீங்கள் கொடுக்கும் காசு பெரிய தெம்பு. இரண்டாவது, பருவத்தைப் பாருங்கள். பகல் குறுகும்போது மொட்டு கட்டுவது சாமந்தியின் இயல்பு. தை மாதத்து மஞ்சள் சாமந்தியைக் கத்தரியும் வலையும் இல்லாமல் வானமே பூக்க வைக்கிறது. பக்கத்து ஊரில் இருக்கும் அக்காவுக்கோ ஆசிரியருக்கோ அதைவிடப் பொருத்தமான பரிசு இல்லை. மூன்றாவது, வந்த பூவைக் காப்பாற்றுங்கள். தண்டின் நுனியைச் சாய்வாக ஒரு விரற்கடை வெட்டி, தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளைக் கிள்ளி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். பழக்கூடைப் பக்கம் வேண்டாம், பழுக்கும் பழத்தின் வாயு பூவைச் சீக்கிரம் வாட வைக்கும்.

இவ்வளவும் செய்தால் ஒரு வாரம், சில சமயம் பத்து நாள் பூ நிற்கும். அதற்குள் பேரிகையில் அடுத்த தளிர் அரை அடி வளர்ந்திருக்கும்.