பணியிடங்களில் தீத்தடுப்பு: வெளியேறும் வழி ஏன் முதன்மையானது?

தொழிற்கூடம், அலுவலகம், கிடங்கு எனப் பணியிடம் எதுவாயினும், அங்கு நேரும் தீ விபத்தில் எத்தனை பேர் உயிர் பிழைப்பர் என்பதைப் பெரும்பாலும் இரண்டு காரணிகளே தீர்மானிக்கின்றன. ஒன்று, புகை பரவும் வேகம். மற்றொன்று, வெளியேறும் வழியின் நிலை. இரண்டரை ஆண்டு இடைவெளியில் டெல்லியில் நிகழ்ந்த இரு பெரும் விபத்துகள் இதை உணர்த்தின.

அனாஜ் மண்டி, முண்ட்கா விபத்துகள்

2019 டிசம்பர் 8-ஆம் தேதி அதிகாலையில், அனாஜ் மண்டி பகுதியில் சிறு தொழிற்கூடங்கள் இயங்கிவந்த கட்டடத்தில் தீப்பற்றியது. உள்ளேயே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் சிக்கிக்கொண்டதில் 43 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலானோர் மூச்சுத்திணறலால் இறந்தனர். குறுகிய சந்துகளால் மீட்புப் பணியும் தடைபட்டது.

2022 மே 13-ஆம் தேதி, முண்ட்கா மெட்ரோ ரயில் நிலையம் அருகேயுள்ள வணிகக் கட்டடத்தில் ஏற்பட்ட தீ விபத்தில் 27 பேர் பலியாகினர். அக்கட்டடத்துக்குத் தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று பெறப்படவில்லை என்பதும், வந்துசெல்ல ஒரே வழிதான் இருந்தது என்பதும் பின்னர் தெரியவந்தன.

நெருப்பை முந்தும் புகை

பிளாஸ்டிக், ரெக்சின், பஞ்சு, அட்டைப் பெட்டி போன்றவை எரியும்போது அடர்ந்த நச்சுப்புகை எழுகிறது. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. ரத்தம் ஆக்சிஜனை ஏந்திச் செல்லும் திறனை அது குறைப்பதால், தீச்சுடர் நெருங்கும் முன்பே மனிதர் நினைவிழக்க நேரிடும்.

சூடான புகை மேல்நோக்கி எழும். தடுப்புக் கதவு இல்லாத படிக்கட்டு, அப்போது புகைபோக்கியாகவே மாறிவிடுகிறது. மின் மீட்டர் பலகையும் சரக்கு மூட்டைகளும் படிக்கட்டின் அடியில் இருக்குமானால், தீ தொடங்கும் இடமும் தப்பிக்கும் வழியும் ஒன்றாகிவிடும். மாடியில் இருப்போருக்கு அதுவே பெரும் ஆபத்து.

சட்டம் கூறுவது என்ன?

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 38-ஆவது பிரிவு, தீ ஏற்படாமலும் பரவாமலும் தடுத்தல், பாதுகாப்பாகத் தப்பிக்கும் வழி, தீயணைப்புச் சாதனங்கள் ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. தப்பிக்கும் வழியைத் தொழிலாளர் அனைவரும் அறிந்திருப்பதும், அதற்குரிய பயிற்சி பெற்றிருப்பதும் அவசியம் என்றும் அது வலியுறுத்தியது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பு, இச்சட்டம் உள்பட 13 சட்டங்களை ஒருங்கிணைத்தது.

கட்டடங்களுக்கான விதிமுறைகளை 2016-ஆம் ஆண்டின் தேசிய கட்டட விதித்தொகுப்பின் நான்காம் பகுதி விவரிக்கிறது. வெளியேறும் கதவை உள்ளிருப்பவர் சாவியின்றித் திறக்க இயல வேண்டும் என்பது அவற்றுள் முக்கியமானது. எனினும் இத்தொகுப்பு பரிந்துரைத் தன்மை உடையது. தீயணைப்புப் பணி மாநிலங்களின் பொறுப்பில் இருப்பதால், மாநிலச் சட்டங்களிலும் உள்ளாட்சிக் கட்டட விதிகளிலும் சேர்க்கப்படும்போதே அது கட்டாயமாகிறது.

நிர்வாகத்தின் அன்றாடக் கடமைகள்

சான்றிதழ் என்பது ஆய்வு நடந்த நாளின் நிலையைக் காட்டுவது. மறுநாளே வழியில் சரக்கை அடுக்கினால் அதன் பயன் போய்விடும். எனவே கீழ்க்கண்டவை தொடர்ந்து கண்காணிக்கப்பட வேண்டும்:

* பணி நேரத்தில் வெளியேறும் கதவுகளைப் பூட்டக் கூடாது. திருட்டைத் தடுக்கக் கதவைப் பூட்டுவதற்குப் பதிலாக, திறந்தால் ஒலிக்கும் எச்சரிக்கை மணியைப் பொருத்தலாம்.
* படிக்கட்டிலும் நடைபாதையிலும் பொருள்களை வைக்கக் கூடாது.
* ஒரே மின்இணைப்பில் பல கருவிகளை இயக்கக் கூடாது. சேதமடைந்த கம்பிகளை உடனே மாற்ற வேண்டும்.
* தின்னர், பெட்ரோல் போன்றவற்றை அன்றைய தேவைக்கு மட்டும் பணிக்கூடத்தில் வைத்து, எஞ்சியதைத் தனி அறையில் சேமிக்க வேண்டும்.
* வெல்டிங் பணி முடிந்த பிறகும் அவ்விடத்தைச் சிறிது நேரம் கண்காணிக்க வேண்டும்.
* இரவுப் பணியாளர், ஒப்பந்தத் தொழிலாளர், புதியவர்கள் அனைவரையும் ஒத்திகையில் பங்கேற்கச் செய்ய வேண்டும்.

எந்தத் தீக்கு எந்தக் கருவி?

மரம், காகிதம், துணி ஆகியவற்றில் பற்றிய தீயை நீரால் அணைக்கலாம். எண்ணெய், பெட்ரோல் தீக்கு நுரை அல்லது உலர் ரசாயனத் தூள் ஏற்றது. மின்சாதனங்களில் தீப்பற்றினால் முதலில் மின்சாரத்தைத் துண்டித்து, கார்பன் டை ஆக்சைடு அல்லது உலர் தூள் கருவியைப் பயன்படுத்த வேண்டும்; நீரை ஊற்றக் கூடாது. கருவியின் ஊசியை இழுத்து, குழாய் முனையைத் தீயின் அடிப்பகுதிக்கு நேராகப் பிடித்து, பிடியை அழுத்தியபடி இருபுறமும் வீச வேண்டும். தீ சிறியதாகவும், வெளியேறும் வழி பின்புறம் திறந்தும் இருக்கும்போது மட்டுமே இதை முயல வேண்டும்.

தீப்பற்றினால் செய்ய வேண்டியவை

எச்சரிக்கை மணியை ஒலித்து அனைவரையும் வெளியேற்ற வேண்டும். 101 அல்லது 112 என்ற எண்ணில் தகவல் தெரிவிக்க வேண்டும். மின்தூக்கியைப் பயன்படுத்தக் கூடாது. புகை சூழ்ந்தால் தரையோடு ஒட்டித் தாழ்ந்து நகர வேண்டும். முன்பே குறித்த இடத்தில் கூடி, வருகைப் பதிவேட்டின்படி ஆள்களை எண்ண வேண்டும். உடைமைகளை எடுக்க எவரையும் மீண்டும் உள்ளே அனுப்பக் கூடாது.

1944 ஏப்ரல் 14-ஆம் தேதி பம்பாய் துறைமுகத்தில் ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ கப்பல் வெடித்ததில் உயிர்நீத்த 66 தீயணைப்பு வீரர்களின் நினைவாக, ஆண்டுதோறும் அந்நாள் தேசிய தீயணைப்பு சேவை தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அதையொட்டிய வாரத்தில் பல நிறுவனங்கள் ஒத்திகை நடத்துகின்றன. வெளியேறும் கதவு திறக்கிறதா என்ற சோதனையோ ஒவ்வொரு நாளும் பணி தொடங்கும் முன் செய்ய வேண்டியதாகும்.