வீட்டு சர்வர்

வீட்டு சர்வர் என்பது இணையச் சேவைகளை ஒரு குடும்பம் தன் பொறுப்பிலேயே நடத்திக்கொள்வதற்காக இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் கணினி. படங்கள், ஆவணங்கள், நாட்காட்டி, கடவுச்சொற்கள், பாட்டு, சினிமா என்று வழக்கமாக ஏதோ ஒரு நிறுவனத்தின் கணினியில் கிடப்பவை இங்கே வீட்டில் உள்ள வட்டில் இருக்கும். வீட்டாரின் கைபேசிகள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். இதற்கென்று தனி இனக் கணினி கிடையாது. திரை உடைந்த மடிக்கணினி, அலுவலகம் கழித்துவிட்ட சிறு கணினி, உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெரி பை, வட்டுகளைச் செருகிக்கொள்ளும் 'நாஸ்' பெட்டி ஆகிய எதுவும் சர்வராகலாம். அணைக்காமல் வைத்திருப்பதும், அதைக் கவனித்துக்கொள்ள ஒருவர் இருப்பதும்தான் முக்கியம்.

வலையின் தொடக்கமே இப்படித்தான் இருந்தது. 1990இல் ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ இயக்கிய உலகின் முதல் வலை சர்வர், அவர் வேலை செய்துகொண்டிருந்த நெக்ஸ்ட் மேசைக் கணினிதான். யாராவது தெரியாமல் அணைத்துவிடுவார்களோ என்று, இது சர்வர், நிறுத்தாதீர்கள் என்று சிவப்பு மையில் எழுதி அதன்மேல் ஒட்டியிருந்தார். இணைய நெறிமுறைகள் அன்றும் இன்றும் கணினிகளுக்குள் பெரியது சிறியது பார்ப்பதில்லை. முகவரி உள்ள எந்தக் கணினியும் கேட்கலாம், கொடுக்கவும் செய்யலாம். இலவச மின்னஞ்சலும் இலவசப் படச் சேமிப்பும் பரவியபோது, கொடுக்கும் வேலை சில நிறுவனங்களின் தரவு மையங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. வீடுகளுக்குக் கேட்கும் வேலை மட்டும் மிஞ்சியது.

அந்த ஏற்பாட்டில் பலருக்கு நம்பிக்கை குறையக் காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2013 ஜூனில் அமெரிக்க உளவு அமைப்பின் கண்காணிப்பு ஆவணங்களை எட்வர்ட் ஸ்னோடன் வெளிக்கொணர்ந்தார். அடுத்த மாதம் முதல் தேதி, செய்தியோடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடர் மூடப்பட்டது. 2003 முதல் 2015 வரை பயனர்கள் ஏற்றிய பாடல்களும் படங்களும் சர்வர் மாற்றத்தின்போது அழிந்துபோனதாக 2019இல் மைஸ்பேஸ் ஒப்புக்கொண்டது. எத்தனையோ சிறு இசைக்குழுக்களின் ஒரே பதிவு அதில் போயிற்று. 2021 ஜூன் 1ஆம் தேதியோடு கூகுள் போட்டோஸ் அளவில்லா இலவசச் சேமிப்பை நிறுத்திக்கொண்டது.

இவற்றையெல்லாம்விட ஆழமாக யோசிக்கவைப்பது சான் ஃபிரான்சிஸ்கோ தந்தை ஒருவருக்கு நேர்ந்தது. 2021 பிப்ரவரியில் அவருடைய சிறு மகனுக்குப் பிறப்புறுப்பில் வீக்கம். பெருந்தொற்றுக் காலம், மருத்துவரை நேரில் பார்க்க முடியாததால், மருத்துவமனைத் தரப்பில் கேட்டுக்கொண்டபடி கைபேசியில் படமெடுத்து அனுப்பினார். படம் தானாகவே கூகுள் கணக்கில் ஏற, குழந்தைகளைத் தவறாகச் சித்திரிக்கும் படம் என்று தானியங்கிச் சோதனை அதைக் குறித்தது. கணக்கு முடக்கப்பட்டது. மின்னஞ்சல், பல ஆண்டுப் படங்கள், தொடர்பு எண்கள் எல்லாம் போயின. கைபேசி எண்ணும் அதே நிறுவனத்தின் சேவை என்பதால் அதுவும் போயிற்று. காவல்துறை விசாரித்துக் குற்றம் எதுவும் இல்லை என்று முடித்துவிட்டது. அதன் பிறகும் கணக்கு திரும்பவில்லை. 2022 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் இதை வெளியிட்டது. குழந்தைகளைக் காக்கும் சோதனை தேவைதான். ஆனால் ஒரு குடும்பத்தின் நினைவுகள் முழுவதும் ஒரே கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தால், அந்தச் சோதனையின் ஒரு பிழை எதையெல்லாம் இழுத்துக்கொண்டு போகும் என்பதை இந்த நிகழ்வு காட்டுகிறது. வீட்டு சர்வரின் நியாயம் முழுவதும் இங்கே இருக்கிறது: மூலப்பிரதி யார் கையில்?

செலவைப் பொறுத்தவரை நுழைவாயில் 2012 பிப்ரவரி 29 அன்று திறந்தது. பிரிட்டனின் கேம்பிரிட்ஜில் உருவான ராஸ்பெரி பை அன்று 35 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. இன்று பலரும் விரும்புவது, மலிவாகக் கிடைக்கும் பழைய அலுவலகச் சிறு கணினிகளை. வாங்கும் விலையைவிட மின்சாரம்தான் கணக்கில் வரவேண்டியது. சும்மா இருக்கும்போது 10 வாட் எடுக்கும் சிறு கணினிக்கு இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 15 யூனிட் ஆகும். 60 வாட் எடுக்கும் பழைய மேசைக் கணினி அதே காலத்தில் 86 யூனிட்டைத் தாண்டும். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைப்பதே 100 யூனிட். இலவசமாகக் கிடைத்த பழைய கணினி இலவசம் ஆகாமல் போவது இப்படித்தான். மின்வெட்டின்போது வட்டு கெடாமலிருக்க ஒரு சிறிய யூ.பி.எஸ். அவசியம், மோடத்தையும் அதிலேயே செருகிவைப்பது நல்லது.

மென்பொருளுக்குப் பஞ்சமில்லை, பெரும்பாலும் விலையும் இல்லை. அடித்தளமாக டெபியன் போன்ற ஒரு லினக்ஸ் இயங்குதளம். அதன்மேல் ஒவ்வொரு சேவையையும் தனித்தனி உறையில் வைத்து ஓட்டும் டாக்கர். 2013இல் இது வந்த பிறகு, ஒரு சேவையை நிறுவுவதும் நீக்குவதும் சில வரிகளில் முடிகிற வேலையாயிற்று. கோப்புகளுக்கும் நாட்காட்டிக்கும் நெக்ஸ்ட்கிளவுட். இது ஃபிராங்க் கார்லிட்செக் 2010இல் தொடங்கிய ஓன்கிளவுடிலிருந்து 2016 ஜூனில் அவரே பிரித்தெடுத்துக் கொண்டுவந்தது. மூலநிரல் திறந்தது என்பதால்தான் அப்படிப் பிரிய முடிந்தது. பயனர்கள் தங்கள் கோப்புகளோடு கூடவே நகர்ந்தார்கள். எம்பி என்ற ஊடக மென்பொருள் தன் நிரலை மூடிக்கொண்டபோதும் இதுவே நடந்தது: 2018 டிசம்பரில் ஜெல்லிஃபின் பிறந்தது. படங்களுக்கு இம்மிச், வீட்டு விளக்கு மின்விசிறிகளை இயக்க ஹோம் அசிஸ்டென்ட், விளம்பரங்களை வடிகட்ட பை-ஹோல் என்று பட்டியல் நீளும். முதல் முறை அமைப்பவர் எல்லாவற்றையும் நிறுவிப் பார்க்க ஆசைப்படுவார். படச் சேமிப்பு ஒன்றோடு ஆறு மாதம் ஓட்டிப் பார்ப்பதே சரி.

அடுத்தது வெளியிலிருந்து வீட்டுக்கு வரும் வழி. இந்தியாவில் பெரும்பாலோர் முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான். பழைய ஐபிவி4 முறையில் மொத்த முகவரிகளே சுமார் 430 கோடி. ஆசிய பசிபிக் பகுதிக்கான கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதியை எட்டிவிட்டது. ஆகவே இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைத்துவைக்கின்றன. வீட்டிலிருந்து வெளியே போகலாம். வெளியிலிருந்து யாரும் அந்த வீட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. கூடுதல் கட்டணத்துக்கு நிலையான முகவரி வாங்குவது ஒரு வழி. ஐபிவி6 இன்னொன்று, அதன் பயன்பாடு மிகுந்த நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. மூன்றாவது வழி வயர்கார்டு போன்ற மறைகுறியீட்டுச் சுரங்கம். 2020 மார்ச்சில் லினக்ஸ் கருவிலேயே சேர்க்கப்பட்ட இது, குடும்பத்தாரின் கைபேசிகளை மட்டும் சர்வரோடு இணைக்கிறது. மற்ற உலகுக்கு அந்த சர்வர் இருப்பதே தெரியாது. பொதுவெளிக்குத் திறக்க வேண்டிய சேவை என்றால், லெட்ஸ் என்கிரிப்ட் 2015 டிசம்பர் முதல் எல்லோருக்கும் இலவசமாகத் தரும் பாதுகாப்புச் சான்றிதழ் போதும்.

திறப்பதற்கு முன் இரண்டு நிகழ்வுகளை அறிந்துகொள்ள வேண்டும். 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் 'மை புக் லைவ்' என்ற வீட்டுச் சேமிப்புப் பெட்டிகளை வைத்திருந்த பலர், தங்கள் கோப்புகள் முழுவதும் துடைக்கப்பட்டிருப்பதைக் கண்டார்கள். 2015க்குப் பிறகு மென்பொருள் புதுப்பிப்பே பெறாத பெட்டிகள் அவை. கடவுச்சொல் கேட்காமலே எல்லாவற்றையும் அழித்துவிடும் கட்டளையை இணையம் வழியே யாரும் அனுப்ப முடிந்திருக்கிறது. அடுத்த ஆண்டு நடந்தது இன்னும் பெரியது. கடவுச்சொல் காப்பகமான லாஸ்ட்பாஸின் பொறியாளர் ஒருவருடைய வீட்டுக் கணினிக்குள், அதில் இருந்த பிளெக்ஸ் ஊடக மென்பொருளின் ஓட்டை வழியே தாக்குபவர்கள் நுழைந்தார்கள். அவர் தட்டிய முதன்மைக் கடவுச்சொல்லைப் பிடித்து, நிறுவனத்தின் காப்புப்பிரதிகள் வரை போனார்கள். அந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பு 2020 மே மாதமே வெளியாகியிருந்தது. வீட்டு சர்வரை வீழ்த்துவது பெரும்பாலும் போடாமல் விட்ட புதுப்பிப்புதான். மாதம் ஒருமுறை அரைமணி நேரம் இதற்கு ஒதுக்க முடியாதவர் சர்வர் வைக்க வேண்டாம்.

மின்னஞ்சலை வீட்டிலிருந்து நடத்துவது தனி அவஸ்தை. நிறுவுவது எளிது; அனுப்பும் கடிதம் போய்ச் சேருவதுதான் கடினம். எரிதத்தைத் தடுக்கவென்று பல இணைய நிறுவனங்கள் 25ஆம் எண் வாயிலை அடைத்தே தருகின்றன. திறந்திருந்தாலும், வீட்டு இணைப்பிலிருந்து வரும் கடிதத்தைப் பெரிய அஞ்சல் நிறுவனங்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கும். எஸ்.பி.எஃப்., டி.கிம், டி.மார்க் என்ற மூன்று அடையாளச் சான்றுகளையும் பிசகில்லாமல் வைக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் கூகுளும் யாகூவும் விதிகளை இன்னும் இறுக்கின. நடைமுறையில் சிறந்தது, சொந்த டொமைன் பெயர் ஒன்றை வாங்கி, அஞ்சலை மட்டும் கட்டணச் சேவையிடம் விடுவது. நாளை அந்தச் சேவை பிடிக்கவில்லை என்றால் வேறிடம் மாறலாம்; முகவரி மாறாது.

காப்புப்பிரதிக்கு ஒளிப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரப்பிய விதி ஒன்று உண்டு: மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், அவற்றில் ஒன்று வேறிடத்தில். தரவு மையங்களுக்கும் இது பொருந்தும். 2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பூர்கில் ஓ.வி.எச். நிறுவனத்தின் கட்டடம் ஒன்று முழுவதும் எரிந்தபோது, தனிக் காப்பு வைக்காத வாடிக்கையாளர்கள் பலர் தரவை நிரந்தரமாக இழந்தார்கள். வீட்டில் இரண்டு வட்டுகளில் ஒரே தரவு தானாகப் பதிவாகிறது என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. ஒரு வட்டு பழுதானால் அது காப்பாற்றும். தவறுதலாக அழித்த கோப்பையோ, திருட்டையோ, வெள்ளத்தையோ அது தடுக்காது. ஒரு பிரதி மறைகுறியிட்டு அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ இருக்கட்டும்.

எல்லோராலும் இதைத் தனியாகச் செய்ய முடியாது என்பதால் கூட்டு முயற்சிகளும் வளர்ந்துள்ளன. பிரான்சின் ஃப்ரமாசாஃப்ட் என்ற சங்கம், கூகுள் சேவைகளுக்கு மாற்றுகளை 2014 முதல் தானே நடத்தியது. கூட்டம் பெருகியதும், தாங்களே இன்னொரு மையமாகிவிடக் கூடாது என்று 2019இல் பல சேவைகளைப் படிப்படியாக மூட முடிவெடுத்தது. 2016இல் தாங்கள் உருவாக்கிய 'ஷத்தோன்' என்ற சிறு சேவையாளர் கூட்டமைப்பின் பக்கம் மக்களை அனுப்பியது. வளர்ச்சியைத் தானே மறுத்த இந்த முடிவு போற்றத்தக்கது. இந்தியாவில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் 'பொட்டரி' என்ற பெயரில் சமூக வலைச் சேவையையும் அரட்டைச் சேவையையும் நன்கொடையில் பல ஆண்டுகள் நடத்திவந்திருக்கிறார்கள். 2016இல் ஜெர்மனியில் தொடங்கிய மாஸ்டடான் என்ற சமூக வலையில் ஒருவர் தன் சர்வரிலிருந்தே பிற சர்வர்களில் இருப்போருடன் உரையாடலாம்.

வீட்டு சர்வருக்கு உள்ள பெரிய பலவீனம் தொழில்நுட்பத்தில் இல்லை. அமைத்தவர் ஒருவர், பயன்படுத்துவோர் நால்வர். அவர் நோயில் படுத்தால், திடீரென இறந்துபோனால், குடும்பத்தின் படங்கள் திறக்க முடியாத வட்டுக்குள் நின்றுவிடும். கணக்குக்காரர் நெடுநாள் வராவிட்டால் வேறொருவருக்குத் தரவைக் கொடுக்கும் ஏற்பாட்டை கூகுள் 2013லேயே செய்துவிட்டது. வீட்டு சர்வரில் அதை நாமே செய்துவைத்தால்தான் உண்டு. சர்வர் எங்கே இருக்கிறது, காப்பு வட்டு யார் வீட்டில் இருக்கிறது, முதன்மைக் கடவுச்சொல் என்ன, உதவிக்கு யாரை அழைக்கலாம் என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, நிலப் பத்திரங்களோடு பீரோவில் வையுங்கள். பிறகு வீட்டில் கணினி அதிகம் பழகாத ஒருவரை உட்காரவைத்து, அந்தத் தாளை மட்டும் கையில் கொடுத்து, ஒரே ஒரு படத்தைக் காப்பு வட்டிலிருந்து மீட்கச் சொல்லிப் பாருங்கள். அவரால் முடியாவிட்டால் தாளைத் திருத்தி எழுதுங்கள்.