கொத்தமல்லி உங்களுக்கு மணக்குதா, சோப்பு அடிக்குதா? மூக்குக்குள் ஒளிந்திருக்கும் ரகசியம்!

"கொத்தமல்லி போடாம இறக்கினா அது ரசமா?"

என் தோழி கல்யாணமாகிப் போன வீட்டில், முதல் வாரமே காதில் விழுந்த கேள்வி இது. அவளுக்குக் கொத்தமல்லித் தழை ஆகாது. "துணி துவைக்கிற சோப்பை வாயில வெச்ச மாதிரி இருக்குடி" என்பாள். அம்மா வீட்டில் தழை தூவுவதற்கு முன்பே அவளுக்கென ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிடுவார்கள். புது வீட்டில் அதைச் சொல்லக் கூச்சம். ஒரு வருஷம் முழுக்க, யாருக்கும் தெரியாமல் தழையை ஒதுக்கி ஒதுக்கியே சாப்பிட்டிருக்கிறாள். விஷயம் தெரிந்த அன்று கிடைத்த பட்டம், "ஓவரா சீன் போடுறா!"

நானோ, காய்கறிக்கடை அண்ணன் கொசுறாகத் தரும் மல்லியை வழியெல்லாம் முகர்ந்துகொண்டே வருகிற ஆள். ஹாஸ்டலில் நானும்தான் அவளைக் கிண்டல் செய்திருக்கிறேன். இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது, அவள் சீன் போடவில்லை. ஒரே தழையை மென்றாலும் எங்கள் இருவருக்கும் அது ஒன்றல்ல.

நாக்கு இல்லை, மூக்கு!

நாம் 'ருசி' என்று சொல்வதில் பெரும்பங்கு வாசனைதான். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி மாதிரி சில சுவைகளே. மற்றதெல்லாம், மெல்லும்போது தொண்டைப் பக்கமாக மூக்குக்கு ஏறுகிற மணம். சந்தேகமா? மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கொத்தமல்லி இலையை மென்று பாருங்கள். ஏதோ பச்சிலை மாதிரி இருக்கும், அவ்வளவுதான். மூக்கை விட்டதும் 'குப்'பென்று ஏறும்.

அந்த 'குப்'புக்கு முக்கியக் காரணம், தழையில் இருக்கும் ஆல்டிஹைடு என்ற வேதிப்பொருள்கள். இதே குடும்பத்து ஆல்டிஹைடுகள் சோப்பு, சென்ட் வாசனைகளிலும் உண்டு. தொட்டதும் நாற்றமடிக்கிற நாவாய்ப்பூச்சி வகைகள் பலவும் வெளியிடுவது இதே குடும்பத்துச் சரக்கைத்தான். ஆக, 'சோப்பு அடிக்குது', 'பூச்சி நாத்தம்' என்பதெல்லாம் கற்பனை இல்லை. தழைக்குள் உண்மையிலேயே இருப்பதைத்தான் அவர்கள் சொல்கிறார்கள்.

மரபணுவுக்கு என்ன வேலை?

2012-ல் அமெரிக்காவின் '23அண்ட்மீ' என்ற மரபணுப் பரிசோதனை நிறுவனத்தின் ஆய்வாளர்கள், ஐரோப்பிய வம்சாவளியைச் சேர்ந்த சுமார் 25,000 பேரிடம் கொத்தமல்லி பற்றிக் கேட்டு, பதில்களை அவர்களின் மரபணுத் தகவல்களோடு ஒப்பிட்டார்கள். 'சோப்பு' என்று சொன்னவர்களிடம், 11-வது குரோமோசோமில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் கூடுதலாகத் தெரிந்தது. அதன் அருகில் இருப்பவை வாசனையை உணரும் மரபணுக்கள். அவற்றில் ஒன்றான 'ஓஆர்6ஏ2', ஆல்டிஹைடுகளைக் கண்டுபிடிப்பதில் கில்லாடி!

அப்போ எல்லாமே பிறவி விதியா? அதுவும் இல்லை. பொதுவான மரபணு மாற்றங்களின் பங்கு 10 சதவிகிதத்துக்கும் குறைவுதான் என்று அதே ஆய்வு கணக்கிட்டது. மீதியில் பழக்கத்துக்கும் வளர்ந்த சூழலுக்கும் பெரிய இடம் உண்டு.

ஊருக்கு ஊர் மாறும் மூக்கு

கொத்தமல்லிக்குச் சீனாவில் வழங்கும் பெயரின் பொருள், 'வாசனைக் கீரை'. ஜப்பானில் இதற்கு இருக்கும் ஒரு பெயருக்கு அர்த்தம், 'நாவாய்ப்பூச்சிச் செடி'! ஆங்கிலத்தில் வழங்கும் 'கோரியாண்டர்' என்ற பெயரையே, மூட்டைப்பூச்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு தொடர்புபடுத்திச் சொல்வதுண்டு. அமெரிக்காவுக்கே பிரெஞ்சு சமையல் சொல்லிக்கொடுத்த ஜூலியா சைல்டு, தட்டில் கொத்தமல்லி இருந்தால் பொறுக்கித் தரையில் வீசிவிடுவேன் என்று டி.வி பேட்டியிலேயே சொன்னவர்.

கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அங்கே வாழும் 20 முதல் 29 வயது வரையிலான பல இனத்தவரிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள். கிழக்காசிய வம்சாவளியினரில் 21 சதவிகிதம் பேருக்குக் கொத்தமல்லி பிடிக்கவில்லை. ஐரோப்பிய வம்சாவளியில் 17 சதவிகிதம். நம்மைப் போன்ற தெற்காசியர்களில் 7 சதவிகிதம். மத்தியக் கிழக்கைச் சேர்ந்தவர்களில் வெறும் 3 சதவிகிதம்.

கொத்தமல்லி தினமும் புழங்குகிற சமையலில் வளர்ந்தவர்களிடம் வெறுப்பு குறைவாக இருப்பதைக் கவனித்தீர்களா? ஒரு வாசனை வந்ததும், 'இதை முன்னாடி எங்கே பார்த்தோம்?' என்று மூளை பழைய நினைவுகளைத் துழாவுமாம். சோப்பும் பூச்சியும்தான் ஞாபகத்தில் இருந்தால், 'சாப்பிடாதே' என்று மணியடிக்கும். நமக்கோ பல் முளைக்கும் வயதிலேயே ரசம் சாதத்தோடு அறிமுகமாகிவிடுகிறது. அதனால் 'சாப்பாடு' என்று பதிந்துவிடுகிறது. கொத்தமல்லியை வெறுத்து, அடிக்கடி சாப்பிட நேர்ந்ததில் பிடித்துப்போன ஆட்களும் உண்டு. ஜே காட்ஃப்ரீட் என்ற நரம்பியல் விஞ்ஞானியே தனக்கு அப்படி நடந்ததாகச் சொல்லியிருக்கிறார்.

ஆனால், 7 சதவிகிதம் என்பது பூஜ்ஜியம் இல்லையே! எல்லோரும் விரும்பிச் சாப்பிடும் வீட்டில் ஒரே ஒருத்தராக இருப்பது, அவர்களுக்கு இன்னும் கஷ்டம்.

உங்கள் வீட்டில் ஒரு 'சோப்பு மூக்கு' இருந்தால்...

* அரைத்துப் பாருங்கள்: தழையை நசுக்கும்போது அதிலுள்ள நொதிகள் ஆல்டிஹைடுகளை உடைக்க ஆரம்பிக்கும். முழுத் தழையை ஒதுக்குபவர்களுக்கு, துவையலோ சட்னியோ ஒத்துப்போக வாய்ப்பு உண்டு.

* தனியா வேறு கதை: அதே செடியின் விதைதான். ஆனால், காய் முற்றும்போது அந்த ஆல்டிஹைடுகள் குறைந்து, லினலூல் என்ற வேறொரு மணப்பொருள் முன்னுக்கு வந்துவிடும். தழையைத் தொடாதவர், தனியா அரைத்த சாம்பாரை வெளுத்துக்கட்டுவதில் முரண்பாடு ஏதுமில்லை. 

* முதலில் ஒரு கிண்ணம்: தழையைக் கடைசியில்தானே தூவுகிறோம்? அதற்கு முன் அவர்களுக்கு எடுத்து வைத்துவிடுங்கள். வாசனைக்குக் கறிவேப்பிலையோ, புதினாவோ போதும்.

* குழந்தையை மிரட்டாதீர்கள்: "அடம் பிடிக்காதே" என்பதற்கு முன், "எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். 'சோப்பு', 'பூச்சி' என்று பதில் வந்தால் நம்புங்கள். சாப்பிட்டதும் வாயில் அரிப்பு, உதடு வீக்கம், தடிப்பு இருந்தால் அது வேறு விஷயம். அலர்ஜியாக இருக்கலாம், டாக்டரைப் பாருங்கள்.

போன மாதம் தோழி வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். நான் படித்ததையெல்லாம் அவள் மாமியாரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், தழை தூவும் முன் ஒரு கிண்ணம் ரசத்தை எடுத்து மருமகள் பக்கம் நகர்த்தி வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்:

"எங்க கடைசி தங்கச்சியும் சின்ன வயசுல 'பூச்சி நாத்தம்'னுதான் அழுவா. நாங்கதான் திட்டித் திட்டித் திங்க வெச்சோம். இன்னிக்கு அவளுக்கு ஒரு போன் போடணும்."