கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து போன நண்பன்

போன கோடையில் பேத்தி சென்னையிலிருந்து லீவுக்கு வந்திருந்தாள். செஞ்சி வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பகலெல்லாம் மலைப் பாறைகள் வாங்கி வைத்த சூட்டை ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் நமக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். வெளியே போக முடியாமல் ஹாலில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து டிவியில் ஏதோ தாய்லாந்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பார்த்தேன்.

இரண்டு காலேஜ் பையன்கள். ஒருவன் கிடார் வாசிக்கிறான், அதிகம் பேசமாட்டான். இன்னொருவனை வேறொரு பையன் விடாமல் துரத்துகிறான். அவனிடமிருந்து தப்பிக்க, கிடார்க்காரனிடம் போய், "எனக்குக் காதலனாகக் கொஞ்ச நாள் நடி" என்று கெஞ்சுகிறான். நடிப்பு நிஜமாகிறது. மூன்றாவது எபிசோடில்தான் எனக்கு உறைத்தது.

"ஏம்மா, இந்தப் பையனுக்கு அந்தப் பையன் மேலேயா?"

"ஆமாம் தாத்தா. அதுதான் கதையே. வேணாம்னா மாத்திடறேன்."

"இருக்கட்டும்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்த லீவு முடிவதற்குள் நாலைந்து சீரியல் பார்த்து முடித்துவிட்டேன். வயசான காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சுற்றிச் சுற்றி நம் செஞ்சிக்குத்தான் வரப்போகிறேன்.

இந்த வகைக்கு 'பாய்ஸ் லவ்' என்று பெயர். பிறந்த இடம் ஜப்பான். 1970களில் மோட்டோ ஹாகியோ, கெய்கோ தகேமியா போன்ற பெண்கள் சிறுமிகளுக்கான பத்திரிகைகளில் படக்கதை வரைந்தார்கள். அதில் இரண்டு பையன்களின் காதலை எழுதினார்கள். தகேமியாவின் பெரிய தொடர் 1976-ல் தொடங்கியது. பெண்கள் எழுதி, பெரும்பாலும் பெண்களே படித்தார்கள். அங்கிருந்து தைவான், சீனா, தாய்லாந்து, கொரியா என்று பரவியது. தாய்லாந்தில் டிவி சீரியலாக 2014-ல் 'லவ் சிக்' வந்தது. நான் முதலில் பார்த்த கிடார்க்காரன் கதை '2கெதர்', 2020-ல் வந்தது. கொரோனாவில் உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரம், அதனால் நாடு நாடாகப் போய்விட்டது.

பெண்களுக்கு இதில் என்ன? பேத்தியைக் கேட்டேன். "இதுல வரதட்சணை இல்ல, மாமியார் இல்ல, ஹீரோ ஹீரோயினை அறையறது இல்ல தாத்தா" என்றாள். சாயந்திரம் ஆறு மணியிலிருந்து நம் வீடுகளில் ஓடும் மெகா சீரியல்களை நினைத்துக்கொண்டேன். பதில் சொல்லவில்லை.

எல்லாமே நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன். எல்லாப் பையன்களும் பணக்காரர்கள், எல்லோருக்கும் பளபளவென்று முகம். காதல் சொல்ல வாயைத் திறக்கும் நேரத்தில் முறுக்குப் பாக்கெட் மாதிரி ஒன்றைக் கேமராவுக்கு நேராகப் பிடித்து விளம்பரம் செய்கிறார்கள். 2016-ல் வந்த 'சோட்டஸ்' என்ற தொடரை என்னால் சகிக்கவே முடியவில்லை. இன்ஜினியரிங் காலேஜ். சீனியர் ஜூனியர்களை வரிசையில் நிற்க வைத்து அதட்டுகிறான், ஓட விடுகிறான், தண்டனை கொடுக்கிறான். அதிலிருந்துதான் காதல் பிறக்கிறது. தென்னாற்காட்டுக்காரனுக்கு அது எப்படி இனிக்கும்? 1996-ல் சிதம்பரத்தில் நாவரசு என்ற மருத்துவ மாணவன் ராகிங்கில் கொலையுண்டதை நாம் மறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. பேத்தி அப்போது பிறக்கவில்லை. தொடரை நிறுத்திவிட்டு அவளுக்கு அந்தக் கதையைச் சொன்னேன். அதற்குப் பிறகு அதை அவளும் முடிக்கவில்லை.

என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு சீனத் தொடர். 'தி அன்டேம்ட்', 2019, ஐம்பது எபிசோடு. பழங்கால வாள், மந்திரம், குலப்பகை எல்லாம் உண்டு. ஒருவன் புல்லாங்குழல் வாசிப்பான், இன்னொருவன் கின் என்ற தந்தி வாத்தியம். புல்லாங்குழல்காரன் செத்துப்போகிறான். பதினாறு வருஷம் மற்றவன் காத்திருக்கிறான். மூல நாவலில் இருவரும் காதலர்கள், கடைசியில் சேர்ந்து வாழ்கிறார்கள். ஆனால் டிவி தொடர்களில் ஒருபால் உறவைக் காட்டக்கூடாது என்று சீனாவில் 2016-லேயே விதி. 2022-க்குள் இப்படிப்பட்ட நாவல்களைத் தொடராக எடுப்பதே நின்றுபோனது. அதனால் எடுத்தவர்கள் என்ன செய்தார்கள்? காதல் என்ற வார்த்தையை எடுத்துவிட்டு 'ஜிஜி' என்று போட்டார்கள். என் மனசை அறிந்தவன் என்று பொருளாம். சீனாவில் இதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. பொ யா என்பவன் வாசித்தால் அதன் பொருள் ஜோங் ஜிச்சி ஒருவனுக்குத்தான் புரியும். அவன் செத்ததும் இவன் வாத்தியத்தை உடைத்துப்போட்டுவிட்டு அப்புறம் வாசிக்கவே இல்லை.

காதல் என்று சொல்லாமல் நட்பு என்று சொன்னதும் பார்க்கிற எனக்கு எல்லாம் பழகினதாகிவிட்டது. கூச்சம் போய்விட்டது. "இது நம்ம தேசிங்கு கதையாச்சே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

தேசிங்கு கதை உங்களுக்குத் தெரியாததல்ல. சி. எஸ். சீனிவாசாச்சாரியார் 1943-ல் எழுதிய செஞ்சி வரலாற்றுப் புத்தகத்தில் உள்ளதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெயர் தேஜ் சிங். புந்தேலா ராஜபுத்திரன். கோட்டைக்கு அதிகாரியாக இருந்த தகப்பன் சொரூப்சிங் 1714-ல் இறக்க, மகன் பொறுப்பேற்றான். கப்பப் பாக்கியைக் கேட்டு ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் படையோடு வந்தார். தகப்பனுக்கு இருந்த உரிமை எனக்கும் உண்டு என்று இவன் மறுத்தான். 1714 அக்டோபர் 3-ஆம் தேதி சண்டையில் செத்தான். வயசு 22. நாட்டை ஆண்டது பத்து மாசம். யுனெஸ்கோ 2025-ல் நம் கோட்டையை மராட்டியர் கோட்டைகளின் பட்டியலில் சேர்த்தது, சந்தோஷம். ஆனால் வருகிறவர்களுக்கு நம் ஊர்க்காரர் முதலில் சொல்வது சிவாஜியை அல்ல, மராட்டியருக்கு அப்புறம் வந்து பத்து மாசம் ஆண்ட இந்தப் பையனைத்தான். தோற்றவனை மூன்று நூற்றாண்டு ஏன் பாடுகிறோம்?

என் பதில், மகபத்கான். கதைப்பாட்டில் மோவுத்துக்காரன் என்று வரும். தேசிங்கின் உயிர் நண்பன், முஸ்லிம். ஆள் அனுப்பியபோது வழுதாவூரில் அவனுக்குக் கல்யாணம் நடக்க இருந்தது. பந்தலை விட்டுவிட்டு நீலவேணிக் குதிரையில் ஏறி வந்துவிட்டான். சின்ன வயசில் நான் பார்த்த கூத்தில், தேசிங்கு சண்டைக்குப் போகும் முன் ராணியிடம் விடைபெறும் இடம் ஒன்று வரும். நடுவில் வேட்டியைத் திரையாகப் பிடித்திருப்பார்கள். ராணி (அதுவும் ஆண்தான், பெண் வேஷம் கட்டியவர்) திரைக்கு அந்தப்பக்கம் இருந்து பேசுவார். கான் வந்து சேர்ந்ததும் தேசிங்கு ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொள்வார். அங்கே திரை கிடையாது. அந்த இடத்தில் கூட்டம் விசிலடிக்கும். கான் விழுந்ததும் தேசிங்கு அழுகிற அழுகைக்கு என் பாட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுவாள். 1960-ல் எம்.ஜி.ஆர். தேசிங்காக நடித்த 'ராஜா தேசிங்கு' படம் வந்தபோதும் நண்பனாக வந்த எஸ்.எஸ்.ஆரை ஊர் மறக்கவில்லை.

உடனே யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தேசிங்குக்கும் கானுக்கும் இடையே இருந்தது காதல் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லச் சரித்திரத்தில் ஒரு ஆதாரமும் இல்லை. சாதாரண நட்பு என்று சுருக்கிவிடவும் எனக்கு மனசு வரவில்லை. நான் சொல்ல வருவது பார்க்கிற நம்மைப் பற்றி. இரண்டு ஆண்கள் ஒருவருக்காக ஒருவர் உயிரை விடுகிற கதை நமக்குப் புதிதே இல்லை. உறையூர்க் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, அதுவரை கண்ணாலும் பார்த்திராத பிசிராந்தையார் பாண்டி நாட்டிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து உயிர்விட்டார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அதைப் பாடமாகவே வைத்தோம். கொஞ்சம் தெற்கே கூவாகத்தில் சித்திரை மாசம் நடப்பது வேறு விஷயம், அது திருநங்கைகளின் விழா. ஆனால் அந்தக் கதையையும் பாருங்கள். கிருஷ்ணன் மோகினியாகி அரவானைக் கட்டிக்கொள்கிறான். ஒரே ராத்திரி. விடிந்தால் அரவான் களப்பலி.

எல்லாக் கதையிலும் சாவு வந்துவிடுகிறது, கவனித்தீர்களா? செத்தால் கோயில் கட்டுவோம், கூத்து நடத்துவோம். தாய்லாந்துக்காரன் செய்த புதுமை ஒன்றே ஒன்றுதான். இரண்டு பேரையும் சாகவிடாமல் வைத்திருக்கிறான். அவர்கள் வாடகைக்கு வீடு பார்க்கிறார்கள், யார் பாத்திரம் கழுவுவது என்று சண்டை போடுகிறார்கள், ஜுரம் வந்தால் கஞ்சி வைக்கிறார்கள். கதையில் மட்டுமல்ல, 2025 ஜனவரி 23 முதல் தாய்லாந்தில் அப்படிப்பட்டவர்கள் சட்டப்படி கல்யாணமே செய்துகொள்ளலாம். தைவானில் 2019-லேயே வந்துவிட்டது. நம் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் இது குற்றமில்லை என்றது. கல்யாண உரிமை கேட்டபோது, 2023-ல், அது எங்கள் வேலை இல்லை, சட்டமன்றங்களின் வேலை என்று சொல்லிவிட்டது.

பாத்திரம் கழுவுகிற சண்டையைப் பார்க்கும்போது எனக்கு இரண்டு பேர் நினைவுக்கு வந்தார்கள். நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த ஊரில், ஒரே ஆபீஸில் இருந்தவர்கள். எட்டு வருஷம் ஒரே அறையில் குடியிருந்தார்கள். ஒருவர் சமைப்பார், ஒருவர் சாமான் வாங்கி வருவார். ஒரே சைக்கிள். நான் செஞ்சிக்காரன் அல்லவா, "தேசிங்கும் கானும் வராங்க பாரு" என்று பெருமையாகத்தான் முதலில் பெயர் வைத்தேன். அப்புறம் ஆபீஸில் அந்தப் பெயரை வேறு மாதிரிச் சொல்ல ஆரம்பித்தார்கள். சுவரில் எழுதினார்கள். நானும் சிரித்தவன்தான். சமைக்கிறவருக்கு வீட்டில் கட்டாயப்படுத்திப் பெண் பார்த்தார்கள். கல்யாணத்துக்கு மறு மாசமே மற்றவர் எங்கோ தூரத்து ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

இருபத்தைந்து வருஷம் கழித்துச் சமைக்கிறவர் மாரடைப்பில் போய்விட்டார். சாவுக்கு நானும் போயிருந்தேன். வாசலில் பந்தல், மேளம். எதிரில் டீக்கடை ஓரத்தில் மற்றவர் நின்றுகொண்டிருந்தார், தலை முழுக்க நரைத்து. உள்ளே வரவில்லை. பார்த்தும் பார்க்காதது போல நான் உள்ளே போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா, இறந்தவரின் மனைவி, என்னைக் கூப்பிட்டு, "வெளியில நிக்கறாரே, அவரை உள்ளே வந்து பார்க்கச் சொல்லுங்கண்ணா" என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வெளியே வந்து பார்த்தேன். டீக்கடையில் ஆள் இல்லை. பஸ் ஏறிப்போய்விட்டதாகக் கடைக்காரர் சொன்னார்.

2023-ல் மலையாளத்தில் மம்மூட்டி நடித்து 'காதல் – தி கோர்' என்று ஒரு படம் வந்தது. கல்யாணமாகி வளர்ந்த மகள் இருக்கிற ஒருவர், உள்ளாட்சித் தேர்தலில் நிற்கிறார். அந்த நேரம் பார்த்து மனைவி விவாகரத்து கேட்கிறாள், காரணம் அவர் தன்பால் ஈர்ப்பு உள்ளவர் என்று. மனைவியாக ஜோதிகா. அந்த அம்மாள் தொலைத்த வருஷங்களையும் படம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. சீரியல்களை விட எனக்கு அதுதான் பெரிசாகப் பட்டது. பளபளப்பு இல்லை, முறுக்குப் பாக்கெட் இல்லை. பேத்தியும் நானும் சேர்ந்து பார்த்தோம். முடிந்ததும் அந்த இரண்டு பேர் கதையை அவளிடம் சொன்னேன். சுவரில் எழுதியதையும், நான் சிரித்ததையும் சேர்த்தே சொன்னேன். வீட்டில் யாருக்கும் அதுவரை சொன்னதில்லை.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னாள் சாயந்திரம், வெயில் தாழ்ந்த பிறகு, அவளைச் செட்டிக்குளத்துக்குக் கூட்டிப்போனேன். தேசிங்கை எரித்த இடம் இது, ராணியும் இங்கேதான் உடன்கட்டை ஏறினாள் என்று காட்டினேன். சின்ன வயசுப் பெண்ணை நெருப்பில் ஏற்றிவிட்டு அதற்கும் பாட்டுப் பாடியிருக்கிறார்கள் என்று கோபப்பட்டாள். நியாயம்தான்.

"மகபத்கான் எங்கே தாத்தா?"

"அவனைக் கடலிப் பக்கம் நீலாம்பூண்டியில புதைச்சிருக்காங்க."

"ஏன் இங்கேயே வைக்கல?"

"இவனை எரிச்சாங்க. அவனைப் புதைச்சாங்க. வழக்கம் வேற."

கொஞ்ச நேரம் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "குதிரை?" என்று கேட்டாள்.

"நீலவேணி கான் பக்கத்துலயேதான் இருக்கு" என்றேன்.