வாழைமர நோட்டும் கிரிப்டோவும்

நேயர்களே, கிரிப்டோ நாணயத்தை அரசாங்கத்தால் ஒழித்துவிட முடியுமா என்பதுதான் நம் கருத்தரங்கின் கேள்வி. பதிலைத் தேடி உங்களை நம் தாத்தா பாட்டி காலத்துக்கு அழைத்துப் போகிறேன்.

1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. ஊருக்கு சியோனான் என்று புதுப்பெயர். கூடவே புது நோட்டு. 10 வெள்ளி நோட்டில் வாழைமரம் இருந்ததால் மக்களுக்கு அது 'வாழைமர நோட்டு'. பழைய வெள்ளிக்கு இது சமம் என்றது ராணுவம். பிறகு வரிசை எண்கூட இல்லாமல் அச்சடித்துத் தள்ளினார்கள். விலைவாசி எகிறியது. விவரம் தெரிந்தவர்கள் ஜார்ஜ் மன்னர் படம் போட்ட பழைய நோட்டை ஒளித்து வைத்தார்கள்.

மார்க்கெட் ஸ்திரீட் செட்டியார் கிட்டங்கிகளை நினைத்துப் பாருங்கள். போருக்கு முன் நல்ல வெள்ளியில் வாங்கிய கடனை, மதிப்பிழந்த இந்த நோட்டில் திருப்பிக் கட்டினார்கள். எண்ணிக்கை சரிதான், மதிப்பு எங்கே? 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்து அது செல்லாது என்றதும், மூட்டை கட்டி வைத்த சேமிப்பெல்லாம் குப்பையானது. அப்படிக் கட்டிய கடன் தீர்ந்ததா என்ற வழக்குகளுக்காகத் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. தேக்காவில் அன்றாடக் கூலியாக அந்த நோட்டை வாங்கிச் சேர்த்தவருக்கு ஈடு எதுவும் கிடைக்கவில்லை.

அன்று ஒரே அறிவிப்பில் காரியம் முடிந்தது. நோட்டை வெளியிட்டவர் தோற்றுப்போயிருந்தார். பிட்காயினுக்கு அப்படி ஒரு முதலாளி கிடையாது. 2021ல் சீனா அடியோடு தடை போட்டும் அது மறையவில்லை. இந்தியாவிலோ, 2018ல் ரிசர்வ் வங்கி போட்ட தடையை 2020ல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. 2022ல் லாபத்துக்கு 30 விழுக்காடு வரி வந்தது.

நம் சிங்கப்பூர் நாணய ஆணையம் நாணயத்தை விட்டுவிட்டு வாசலைப் பிடித்தது. புரியும்படி சொன்னால், சரக்கைத் தடுக்க முடியாவிட்டால் கடைக்காரரைக் கட்டுப்படுத்துவது. 2020 ஜனவரி முதல் இந்தச் சேவைகளுக்கு உரிமம் வேண்டும். 2022 ஜனவரியில் பொது இடங்களில் விளம்பரம் கூடாது என்றதும், கிரிப்டோ விற்ற தானியங்கி இயந்திரங்கள் மூடப்பட்டன. எனக்கு இது கெட்டிக்கார வழியாகவே படுகிறது.

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். உரிமம் இருந்தால் போட்ட பணத்துக்கு அரசாங்கம் பொறுப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். வங்கியில் போட்ட வைப்புத்தொகைக்கு 100,000 வெள்ளி வரை காப்புறுதி உண்டு. கிரிப்டோவுக்கு ஒரு காசுகூடக் கிடையாது.