சதுப்புக்குள் ஒரு மணிச்சந்தை

சமர்கண்டு, பட்டு, ஒட்டகம் என்று ஈப்போவில் எங்களுக்குச் சரித்திரம் நடத்திய வாத்தியார் கண் விரியச் சொல்வார். தைப்பிங்குக்குப் பக்கத்தில், கோலா செலின்சிங் சதுப்பிலும் ஒரு வணிகக் குடியிருப்பு இருந்ததை அவர் சொன்னதேயில்லை.

கண்டல் காட்டில் கால் நட்டுக் கட்டிய வீடுகள். படகில் கிடத்திப் புதைத்த பிணங்கள். 1930களையொட்டித் தொல்லியலாளர் ஐவர் எவன்ஸ் தோண்டியபோது கண்ணாடி மணி, சூதுபவள மணி என்று வந்துகொண்டே இருந்தன. வாங்கி விற்றது மட்டுமில்லை, மணி செய்ததும் அங்கேதான். ஒரு சூதுபவள முத்திரையில் தென்னிந்திய எழுத்துச் சாயலில் விஷ்ணுவர்மன் என்ற பெயர். அரசனா, வணிகனா? வணிகன் என்று நினைக்கத்தான் எனக்கு ஆசை.

மணிக்கு மாற்றாக இங்கிருந்து என்ன போயிருக்கும்? ஈயம் என்பது என் ஊகம். 1936இல் பீடோர் ஈயச் சுரங்கத்து மண்ணுக்குள்ளிருந்து அவலோகிதேசுவரர் வெண்கலச் சிலை ஒன்று வந்தது. செம்போடு ஈயம் சேராமல் வெண்கலம் ஏது?

அந்த வருஷம் என் தாத்தா பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். “நாமதான்டா மொதல்ல கப்பலேறி வந்தவங்க” என்பார். ஆயிரம் வருஷத்துக்கு மேல் பிந்தி வந்தவர், பாவம்.